அடி வாங்காமல் விழுந்த எங்கள் அண்ணன்

அன்புள்ள உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், சாந்தோம் பங்கு மக்களுக்கும்,

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று காலைப் பூசையில் அவருக்காக வேண்டிக்கொண்ட நீங்கள் ஒவ்வொருவரும் இந்தச் சிறு மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். இதில் அவருடைய படம் இருக்கிறது, செபங்கள் இருக்கின்றன. கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

"நல்லவரு வல்லவருன்னு எழுதிட்டு வுட்டுடாத செல்வம். அன்னிக்குக் கொட்டாயில இன்னா நடந்துச்சுன்னு எழுது. ஆஸ்பத்திரில இன்னா கண்டாங்கன்னு எழுது. படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சவங்க வாய்விட்டுப் படிச்சுக் காட்டட்டும்" என்றார்.

ஆகையால் இதில் அடிதடியும் ரத்தமும் இருக்கும். நினைவு மலரில் இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். அண்ணனுடைய வாழ்க்கையிலிருந்து அவற்றை எடுத்துவிட்டால் எழுதுவதற்கு அதிகம் மிஞ்சாது.

அண்ணன் சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால், கடற்காற்று மணலை வாரிக் கஞ்சியில் போடுகிற குப்பத்து ஓரத்தில் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்த தங்கை நான். எங்கள் தந்தையார் அடையாற்றில் ஒரு பங்களாவில் சமையல்காரராக இருந்தார். கைப்பக்குவம் உள்ளவர், கோபமும் உள்ளவர். மறைந்தவரைக் குறை சொல்வது முறையல்ல. ஆனாலும் அவர் இடுப்பு வாரைக் கழற்றினால் அம்மா எந்த மூலையில் போய் ஒடுங்குவார் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். அண்ணனுக்கு மீசை அரும்பிய சமயம். ஒரு நாள் வார் அம்மாவின் முதுகில் இறங்குவதற்கு முன் அண்ணன் குறுக்கே வந்து அதன் நுனியைப் பிடித்து, தம் முஷ்டியில் சுற்றிக்கொண்டார். அப்பா இழுத்துப் பார்த்தார். வரவில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் தரையில் சொட்டிய பிறகும் அண்ணன் விடவில்லை. அப்பாவை அவர் அடிக்கவும் இல்லை. "போதும்ப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் அந்த வார் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மயிலாப்பூரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள். போவதற்கு வேறு ஊர் இல்லாத நாங்கள் இங்கேயே இருந்தோம். அப்பா காலமாகிவிட்டதால் அண்ணன் பட்டாள முகாம் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனார். அங்கிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பொழுது போக வேண்டும். அண்ணன் கையில் கிளவுஸை மாட்டிவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் வந்து குத்துவார்கள். உதடு வீங்கி, ஒரு கண் மூடி வீட்டுக்கு வருவார். அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுவார்.

"அழாதம்மா. நாலு குத்து வாங்கினா ஒரு குத்து கத்துக்கினு வரேன்" என்பார் அண்ணன்.

அப்படியே கற்றார். யுத்தம் முடியும் தறுவாயில், அந்த முகாமிலேயே பெரிய குத்துக்காரர் என்று பெயர் வாங்கிய ஒரு சிப்பாயின் தாடையை அவர் உடைத்தார். சிப்பாய்களே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்களாம். மறு நாள் பாத்திரம் கழுவும் வேலை போய்விட்டது.

அதன் பிறகு அண்ணனைத் தம் பிள்ளை மாதிரி ஏற்றுக்கொண்டவர் காதர் வஸ்தாது. மயிலாப்பூரில் தோல் பை தைத்துக்கொண்டு, காலை வேளைகளில் கடற்கரை மணலில் வாலிபர்களுக்குக் குத்துச்சண்டை பழக்கியவர். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த மரவாடியில் அண்ணனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பகலில் மரம் தூக்குவது, ரம்பம் இழுப்பது. விடிகாலையில் மணலில் ஓட்டம். கொட்டகை போட்டுச் சண்டை நடக்கும் நாட்களில் மேடை. அண்ணியை மணந்ததும் அந்தக் காலத்தில்தான். அண்ணன் குத்தினால் கொட்டகை எழுந்து நிற்கும். எத்தனையோ பேருடைய மூக்கையும் விலாவையும் அவர் உடைத்திருக்கிறார். மறைப்பதற்கில்லை, அது அவர் தொழில். மேடையை விட்டு இறங்கினால் யார் மேலும் கை வைக்க மாட்டார். பஸ்ஸில் ஒருவன் வேண்டுமென்றே அவர் கன்னத்தில் அறைந்துவிட்டு, சாம்பியனை அடித்தேன் என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினான். அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "பாவம், வீட்ல போய்ச் சொல்லிக்கட்டும்" என்றார்.

முதல் மயக்கம் கோயிலில் வந்தது. முழங்காலில் இருந்து எழுந்தவர் அப்படியே பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் சரிந்தார். தூக்கி உட்கார வைப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். வெயில், வெறும் வயிறு என்று எல்லாரும் சொன்னோம். இரண்டாவது முறை மரவாடியில். கீழே கிடந்த கட்டையைத் தூக்கக் குனிந்து நிமிர்ந்தவர் விழுந்தார்; கட்டை அவர் கால் மேல் விழுந்து நகம் பெயர்ந்தது. அதற்குப் பின் சாயங்காலங்களில் லேசாக ஜுரம் காய ஆரம்பித்தது. மல்லாந்து படுத்தால் இருமல் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டே தூங்கினார். அப்போதுதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நின்றுகொண்டு குழந்தையைத் தூக்க மாட்டார். தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் நன்றாக அழுத்திக்கொண்ட பிறகுதான், "இப்ப குடு" என்று கையை நீட்டுவார்.

வஸ்தாது அவரை மயிலாப்பூரில் ஒரு வைத்தியரிடம் அழைத்துப்போனார். நல்ல மனிதர், படித்தவர். அண்ணனைப் பெஞ்சில் படுக்க வைத்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "இருதயம் கல்லு மாதிரி இருக்குப்பா. பித்தம்தான். நன்னா சாப்பிடு, எலுமிச்சம்பழம் சேர்த்துக்கோ" என்றார். அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. படுத்திருக்கும்போது அந்த நெஞ்சில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இனி அந்தச் சண்டை.

தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். எதிராளி வடபழனி ஆறுமுகம். சினிமா ஸ்டூடியோவில் செட்டு தூக்குகிறவர். ஆள் தூண் மாதிரி இருப்பார். அண்ணன்தான் ஜெயிப்பார் என்று ஊரெல்லாம் பந்தயம் கட்டியிருந்தது. பெண்கள் உட்கார ஓரமாகப் பலகை போட்டிருந்தார்கள். அண்ணியும் நானும் அங்கே இருந்தோம்.

முதல் ரவுண்டிலேயே ஆறுமுகத்தின் புருவம் பிளந்தது. அடுத்த ரவுண்டுகளில் அவர் முகமே அடையாளம் தெரியவில்லை. அவரும் விடுகிற ஆள் அல்ல. அண்ணனின் விலாவில் விழுந்த குத்துகளின் சத்தம் எங்கள் பலகை வரைக்கும் கேட்டது. ஐந்தாவது ரவுண்டில் அண்ணன் அவரைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கூட்டம், "முடி! முடி!" என்று கத்தியது. ஆறுமுகம் கண் தெரியாமல் வலது கையை வீசினார். அண்ணன் நன்றாகக் குனிந்து அந்த வீச்சுக்கு அடியில் புகுந்தார். கை காற்றில் போயிற்று. அண்ணன் நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் குத்தவில்லை. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. இரண்டு கைகளும் தாமாகவே கீழே இறங்கின. முழங்கால் மடங்கி, குப்புற விழுந்தார். ஆறுமுகத்தின் விரல்கூட அவர் மேல் படவில்லை. அதைக் கொட்டகை முழுவதும் கண்ணாரப் பார்த்தது. அதுதான் வினையாகிவிட்டது.

நடுவர் எண்ணி முடித்தார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வித்துட்டான்டா! பேமானி, துட்டு வாங்கிக்கினு வுழுந்துட்டான்!"

நாற்காலிகள் பறந்து வந்தன. சோடாப் புட்டிகள் மேடைக் கம்பத்தில் வெடித்தன. கயிற்றை அறுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். நினைவில்லாமல் கிடந்த மனிதரை அடித்தார்கள். முதுகில் உதைத்தார்கள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, வாயில் குத்தினார்கள். ஒருவன் நாற்காலிக் காலால் விளாசினான். வஸ்தாது அண்ணன் மேல் கவிழ்ந்து படுத்து, "மய்யித்தையா அடிக்கிறீங்க, பொணமாட்டம் கெடக்கிறவனையா, பாவிங்களா!" என்று கதறினார். அந்த நாற்காலிக் கால் அவருடைய முன்கையில் இறங்கி எலும்பு உடைந்தது. அண்ணி கூட்டத்தை முட்டிக்கொண்டு மேலே ஏறினார். யாரோ அவர் கொண்டையைப் பற்றி இழுத்துக் கீழே தள்ளினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற நான், அண்ணியை இழுத்தவனுடைய கையைக் கடித்தேன். என் வாயில் ரத்தம் வந்தது. அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

போலீஸ் வந்து தடியால் வெளுத்தது. அந்த அடியிலும் கொஞ்சம் அண்ணன் மேல்தான் விழுந்தது. கூட்டம் கலைந்தபோது அண்ணன் கண்ணைத் திறந்தார். முன்பல் போய், வாய் கிழிந்து, ஒரு காது ரத்தமாய் இருந்தது. மேலே குனிந்த என்னைப் பார்த்து, "தங்கச்சி, மணி அடிச்சிட்டாங்களா? எத்தினாவது ரவுண்டு?" என்று கேட்டார்.

விழுந்ததே அவருக்குத் தெரியாது. பின்னால் நாங்கள் சொன்னபோது, "யாரு அடிச்சு வுழுந்தேன்?" என்றார்.

விலாவில் போட்ட கட்டு அவிழ்ந்து அவர் நடமாடத் தொடங்கிய பிறகும் ஊர் அடங்கவில்லை. எங்கள் சுவரில் கரியால் 'வித்தவன் வீடு' என்று எழுதினார்கள். அண்ணி அழித்தால் மறு நாள் வேறு கையெழுத்தில் இருக்கும். சந்தையில் மீன் வாங்கப் போனால், "உங்களுக்கு இன்னா, துட்டுக்காரங்க" என்றார்கள். ஒரு மாலை, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த அண்ணியின் நெற்றியில் வெளியிலிருந்து வந்த கல் பட்டது. குழந்தையின் சட்டையெல்லாம் அண்ணியின் ரத்தம். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். தெருவில் நின்றவர்களில் சிலர் நேற்றுவரை அவரைத் தோளில் தூக்கியவர்கள். அவர் வெறுங்கையோடு நின்று, "கல்ல எம்மேல போடுங்க. உள்ள கொயந்த கீது" என்றார். போட்டார்கள். ஒரு கல் தோளில் பட்டது, ஒன்று மார்பில் பட்டது. அவர் நகரவில்லை. பங்குச் சாமி ஓடிவந்து அவருக்கு முன்னால் நின்ற பிறகுதான் கல்லெறி நின்றது.

அவரை உண்மையில் தின்றது கல் அல்ல. ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "செல்வம், நீ படிச்சவ. சொல்லு. எனக்கே தெரியாம நான் பயந்துட்டனா? பயந்துதான் வுழுந்துட்டனா?"

"இல்லண்ணா. உனக்கு ஏது பயம்?"

"பின்ன இன்னாத்துக்கு வுழுந்தேன்?"

எங்கள் அப்பாவின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற மனிதர் இப்படிக் கேட்டார்.

மேடை அவருக்கு மூடப்பட்டது. மரவாடி முதலாளி மட்டும் ஆள் வந்து மிரட்டியும் அவரை அனுப்பவில்லை. அங்கேதான் ஆறுமுகம் வந்தார். ஜெயித்தவருக்கும் அந்தச் சண்டையால் நிம்மதி போயிருந்தது. வடபழனியில், "துட்டு குடுத்து வாங்கின ஜெயிப்பு" என்று அவரைக் கேலி செய்தார்கள். ஸ்டூடியோவில் இரண்டு பேரை அவர் அதற்காகவே அடித்துப் போட்டிருந்தாராம். அன்று நான் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஆகவே இதையும் நேரில் பார்த்தே எழுதுகிறேன்.

ஆறுமுகம் சட்டையைக் கழற்றி மரக்கட்டை மேல் எறிந்தார். "என்னை நீ ஜெயிக்க வெச்சியாடா? பிச்ச போட்டியா எனக்கு? ஏந்துரு! இப்ப அடி. நெசமா அடி!"

"எனக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல ஆறுமுகம். வீட்டுக்குப் போ" என்றார் அண்ணன்.

ஆறுமுகம் முகத்தில் குத்தினார். அண்ணன் தடுத்தார், திருப்பிக் கொடுக்கவில்லை. மறுபடி குத்தினார். ஆறத் தொடங்கியிருந்த உதடு மறுபடி பிளந்தது. "துட்டு எண்ணின கையி, அடிக்க வருமா?" என்று ஆறுமுகம் கத்தினார். அதற்கு மேல் அண்ணன் பொறுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் மேடைக்கு வெளியே அடித்தது அந்த ஒரு முறைதான். மரத்தூளில் கால் வழுக்க, அடுக்கிய பலகைகள் சரிந்து விழ, இரண்டு பேரும் மாடுகள் போல முட்டிக்கொண்டார்கள். விலக்கப் போன ரம்பக்காரர் ஒருவர் தள்ளுண்டு விழுந்தார். அண்ணன் ஆறுமுகத்தின் வயிற்றில் விட்ட குத்தில் அவர் மண்டியிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து, கையை ஓங்கினார். அண்ணன் பழைய மாதிரியே அந்தக் கைக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தார்.

வெளுத்தார். கை இறங்கியது. விழுந்தார்.

ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்க, ஆறுமுகம் நின்றார். கூட்டம் இல்லை, பந்தயம் இல்லை, மணி இல்லை. அண்ணனின் வாய் நீலம் பாரித்திருந்தது. "நான் இன்னும் அடிக்கவேல்ல... யம்மா, நான் அடிக்கவேல்லம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு சட்டென்று குனிந்து அண்ணனை இரு கைகளிலும் வாரி எடுத்தார். சைதாப்பேட்டைத் தெருவில் அவரைத் தூக்கிக்கொண்டே ஓடி, எதிரே வந்த ஜட்கா வண்டி ஒன்றை மறித்து நிறுத்தினார். அடிபட்ட வயிற்றில் அவருக்கே ரத்தம் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் அண்ணனைக் கீழே வைக்கவில்லை.

அங்கிருந்த பெரிய டாக்டர் அண்ணனைப் படுக்க வைத்துக் கேட்டார். உட்கார வைத்துக் கேட்டார். மறுபடி படுக்க வைத்தார். உட்காரும்போது நெஞ்சில் கேட்கிற சத்தம் படுத்தால் இல்லாமல் போவது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வால்வு சுருங்கியிருக்குன்னுதான் நினைக்கிறேன், அம்மா. ஆனா அப்படி இருந்தா சத்தம் இப்படி ஒளிஞ்சு விளையாடாது. உள்ளே என்ன இருக்குன்னு உயிரோட இருக்கற இருதயத்தைத் திறந்து பார்க்கிற வித்தை இன்னிக்கு எங்கள்ல யாருக்கும் தெரியாது. மருந்து தரேன். அவர் அசையாம இருக்கணும்" என்றார்.

கடைசி வாரங்கள் வார்டில் கழிந்தன. கால் வீங்கிற்று; தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே மூச்சு விட்டார். ஆறுமுகம் வேலை விட்டதும் வடபழனியிலிருந்து வந்துவிடுவார். சாத்துக்குடி உரித்துக் கொடுப்பார். இருவரும் அந்தச் சண்டையைக் கைகளாலேயே மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பார்கள்.

"அஞ்சாவது ரவுண்டுல உன் இடது பக்கம் தொறந்து கெடந்துச்சு" என்றார் அண்ணன்.

"தெரியும். நீ அங்கதான் குத்தப் போறேன்னு நான் கண்ண மூடிக்கினேன். குத்து வரல. கண்ணத் தொறந்து பாத்தா நீ கீய கெடக்கிற."

அண்ணன் பல் போன வாயோடு சிரித்தார். நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு அது. ஒரு காலை, முகம் கழுவ உதவிக்கு வந்த நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அப்படியே பின்னால் சாய்ந்தார். முந்தைய மயக்கங்களில் திரும்பி வந்தவர் இந்த முறை வரவில்லை.

டாக்டர் அண்ணியிடம் நேராகவே கேட்டார். "இவர் ஏன் விழுந்தார்னு எனக்குத் தெரியலை. நீங்க சம்மதிச்சா உடலைத் திறந்து பார்க்கலாம்."

இங்கே எங்கள் மாமாவைப் பற்றி எழுத வேண்டும். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவின் தம்பியான அவர், உறவுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு பிணவறை வாசலுக்கு வந்துவிட்டார். கையில் தடி. "கோயில்ல பொதைக்க வேண்டிய ஒடம்பு. அறுக்க வுட மாட்டேன். எவன் கத்தியத் தூக்கறான்னு பாக்கறேன்" என்றார். ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவரை நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். கண்ணாடிக் கதவு உடைந்தது. அண்ணிக்குக் குறுக்கே ஆறுமுகம் வந்து நின்றார். மாமா அவரைத் தடியால் அடித்தார். ஆறுமுகம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமா மீண்டும் அடித்தார். தோளில் தடி முறிந்தது. நினைத்திருந்தால் ஒரு குத்தில் மாமாவைக் கிடத்தியிருக்கக்கூடியவர், கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

அண்ணி முன்னால் வந்தார். நெற்றியில் கல் பட்ட வடு இன்னும் சிவப்பாக இருந்தது.

"மாமா, அவரு ஒடம்ப ஊரே கூடி அடிச்சுது. அன்னிக்கு நீங்க யாரும் தடியத் தூக்கினு வரல. நெனப்பில்லாம கெடந்தப்ப மெதிச்சாங்க. வாசல்ல நிக்க வெச்சுக் கல்லால அடிச்சாங்க. அப்ப நோவாத ஒடம்பு, டாக்டரு கத்தி வெச்சா மட்டும் நோவுதா? ஏன் வுழுந்தேன், ஏன் வுழுந்தேன்னு கேட்டுக்கினே செத்தாரு அவரு. அவருக்கு நான் பதிலு வாங்கித் தரணும். வழி வுடுங்க."

மாமா முறிந்த தடியைக் கீழே போட்டுவிட்டு, அந்த வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பிற்பகலில் டாக்டர் எங்களை உள்ளே அழைத்தார். நான் பார்க்க வேண்டும் என்றேன். வெள்ளைத் தட்டில் அது இருந்தது. கோழி முட்டை அளவு. நுங்கு மாதிரி வழவழப்பாக, மங்கலான மஞ்சள் நிறத்தில், ஒரு சிறு காம்போடு.

"இருதயத்தில் இடது பக்கம் மேலறையில் இது தொங்கிண்டிருந்தது" என்றார் டாக்டர். "புற்று இல்லை, அம்மா. வேற எங்கேயும் பரவற ஜாதி இல்லை. சும்மா ஒரு கட்டி. வேற எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு மனுஷனை ஒண்ணும் பண்ணியிருக்காது. ஆனா இந்தக் காம்பைப் பாருங்கோ. படுத்திருந்தா இது பின்னால் ஒதுங்கிடும். குனிஞ்சு நிமிர்ந்தா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கற வழியில் போய் அடைச்சுக்கும். அடைச்சா ரத்தம் மூளைக்குப் போகாது. எப்பேர்ப்பட்ட பலசாலியா இருந்தாலும் அந்த நிமிஷம் நிக்க முடியாது."

"பயத்தாலே விழுந்திருப்பாரா?" என்று கேட்டேன்.

"பயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அன்னிக்கு மேடைல வுழுந்ததும் இதாலதானா டாக்டரய்யா?" என்றார் அண்ணி.

"இதாலதான். இது இருந்தும் அஞ்சு ரவுண்டு எப்படி நின்னார்ங்கறதுதான் எனக்குப் புரியலை."

ஆறுமுகம் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். பிறகு வெளியே போனார்.

அடக்கம் முடிந்த பின், அதே தேனாம்பேட்டை மைதானத்தில் மறுபடி கொட்டகை போட்டார்கள். அன்று ஆறுமுகத்துக்குச் சண்டை. எங்களையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். கறுப்புச் சேலையோடு அண்ணியும், கட்டுப் போட்ட கையோடு வஸ்தாதும், நானும் போனோம். மணி அடிப்பதற்கு முன் ஆறுமுகம் மேடை நடுவில் வந்து கையைத் தூக்கினார்.

"இதே எடத்துல நான் ஜெயிச்சேன்னு சொன்னாங்க. நான் ஜெயிக்கல. அந்த மனுசன் என் அடிக்கு வுழல, துட்டுக்கும் வுழல. நெஞ்சுக்குள்ள கட்டி வெச்சுக்கினு என்னை அடிச்சாரு. அந்தக் கட்டிய நான் கண்ணால பாத்தேன்."

முதலில் சிரிப்பு. பிறகு கூச்சல். எங்கிருந்தோ பறந்து வந்த சோடாப் புட்டி அவர் நெற்றியில் பட்டு உடைந்தது. ரத்தம் கண்ணில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, அதையே முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார். நாற்காலி ஒன்று வந்து விழுந்தது. மூன்றாவது தடவையும் சொன்னார். அதற்குள் முன்வரிசையில் ஒருவர் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பாதிக் கொட்டகை நின்றது. மீதி உட்கார்ந்தே இருந்தது. கூச்சல் மட்டும் நின்றுவிட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஒடிந்த கை சரியாகக் கூடாமல் இப்போதும் பை தைக்கச் சிரமப்படும் காதர் வஸ்தாதுக்கும், மிரட்டலுக்கு அஞ்சாத மரவாடி முதலாளிக்கும், கல்லுக்கு முன் வந்து நின்ற பங்குச் சாமிக்கும், அண்ணனைக் கடைசியாகத் தோளில் தாங்கிய நர்ஸம்மாவுக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பின் தேடிக் கண்டுபிடித்த டாக்டர் அவர்களுக்கும், அன்று அழுதபின் அண்ணனின் பெட்டியை முதல் ஆளாகத் தூக்கிய மாமாவுக்கும், இன்று அண்ணனின் மகளுக்கு மாமனாகவே ஆகிவிட்ட ஆறுமுகம் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் சிலருக்கும் ஒரு வார்த்தை. அன்று மேடையில் ஏறி அவரை அடித்தவர்களில், எங்கள் சுவரில் எழுதியவர்களில், கல் எறிந்தவர்களில் பலரை எங்களுக்கு முகம் தெரியும். அவர்கள் வீடுகளுக்கும் இந்த மலரைக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டார் அண்ணி. இன்று பகல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. நீங்களும் வாருங்கள். பந்தியில் உட்காருங்கள். அண்ணிதான் பரிமாறுவார். உங்கள் மேல் கை ஓங்க இந்த வீட்டில் யாரும் இல்லை.

அவருடைய தங்கை,
ஞானசெல்வம்
சாந்தோம்